பேச்சுத் தலைவரின் படமும் உன்னுடைய மூன்று படங்களும்

ஹவுகெட்டோ, ஒஸ்லோ
12.11.2006, ஞாயிறு

அன்பு மகள் கம்சிகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் கையெழுத்தை அறிந்திருப்பாய். அப்படியே குப்பையில் போடாமல் பிரித்தாயே, அதற்கே உனக்கு நன்றி சொல்ல வேண்டும். நீ சுகமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். உன் அம்மா வியாழக்கிழமைகளில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, முக்கால் மணி நேரம் உள்ளே நிற்கிறாள். இருபத்திரண்டு வருடத்தில் செல்வமலர் அவ்வளவு நேரம் குளித்ததை நான் கண்டதில்லை. உன் புது நம்பர் அவளிடம் இருப்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். நான் இன்றுவரை கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டேன்.

நொஷ்க்கில், நோர்வே பாஷையில், எழுதினால் உனக்கு வாசிக்கச் சுகம். ஆனால் என்னுடைய நொஷ்க் வேலையிடத்துக்கும் கொம்யூன் கந்தோருக்கும் மட்டும் பழகியது. அதில் மன்னிப்புக் கேட்டால் வரிக் கந்தோருக்கு எழுதிய கடிதம் போலத்தான் இருக்கும். பத்தாம் வகுப்புவரை சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளிக்குப் போனவள் நீ. ஆற அமர இருந்து வாசி.

முதலில் நான் செய்ததை நானே எழுதிவிடுகிறேன். இந்த ஐந்து மாதத்தில் அதை ஒருநாளும் சுற்றிவளைக்காமல் நான் சொன்னதில்லை. மாமா வீட்டுக் கலியாணத்துக்கு நீ நீலச் சேலை கட்டியிருந்த அன்று, வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று சொல்லி உன்னை ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போனேன். அது பொய். மூன்று பிரதி எடுக்கச் சொன்னேன். ஒன்றைச் சுவரில் மாட்டினேன். மற்ற இரண்டையும் உன் சாதகத்தோடு சேர்த்து இங்கே ஒஸ்லோவில் ரொம்சோஸ் பக்கம் இருக்கும் ஜெகதீஸ்வரனிடம் கொடுத்தேன், அவருடைய மகன் பிரவீணனுக்காக. பொருத்தம் சரிவந்தது. மே மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் மைக் என் கையில் இருந்தபோது, அவர் கீழே இருந்து என்ன பரமநாதண்ணை, எங்கடை விசயம் என்ன மாதிரி என்று கேட்டார். நூற்றைம்பது பேருக்கு முன்னால், என்ரை மகள் இனி உங்கடை வீட்டுப் பிள்ளை என்று சொன்னேன். மண்டபமே கைதட்டியது. உன்னிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு நீ இருக்கிற ட்ரொம்சோவில், உன் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில், யாரோ லண்டனிலிருந்து வந்த பிள்ளை உன்னிடம், உங்களை நான் படத்திலை பாத்திருக்கிறன், நீலச் சேலை, கலியாணம் எப்ப என்று கேட்டிருக்கிறாள். நீ அன்று பின்னேரம் எனக்கு எடுத்துக் கேட்டது ஒரேயொரு கேள்வி. என்ரை படத்தை ஆர் அப்பா குடுத்தது. அதற்கு நான் அரை மணி நேரம் மறுமொழி சொன்னேன். பிள்ளைகளின் நன்மை, குடும்ப மானம், நாங்கள் பட்ட பாடு என்று ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது நீ லைனில் இல்லை. எந்த இடத்தில் வைத்தாய் என்றுகூட எனக்குத் தெரியாது.

இனி வேலையிடத்துப் புதினம் ஒன்று எழுத வேண்டும். கடைசியில் உன்னுடைய விஷயத்துக்குத்தான் வரும், பொறுத்துக்கொள்.

என்னுடைய வேலை உனக்குத் தெரியும். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அருங்காட்சியகத்தின் பழைய படங்களைப் பெட்டியிலிருந்து எடுப்பது, கம்பியூட்டரில் ஏற்றுவது, நம்பர் போட்டுப் புது உறையில் வைப்பது. ஓகஸ்டில் கப்பல் தச்சன் ஒருவனின் அல்பம் வந்தது. நூற்றுப் பத்து வருடத்துக்கு முன் தென்கடலுக்குப் போய் வந்தவன். அதில் சமோவாத் தீவு மனிதர் ஒருவரின் படம் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். வெறும் மேல், இடுப்பில் மரப்பட்டைத் துணி. ஒரு கையில் தன்னிலும் உயர்ந்த தடி. தோளில் தென்னந்தும்பில் முறுக்கிய சாமரம் போன்ற ஒன்று. அந்தக் காலத்துப் படங்களில் எல்லாரும் கமராவுக்குப் பயந்த மாதிரித்தான் நிற்பார்கள். இந்த மனுஷன் கமராவையே கேள்வி கேட்கிற மாதிரி நிற்கிறார். பின்புறத்தில் பென்சிலால் பேச்சுத் தலைவர், ஆப்பியா என்று எழுதியிருந்தது. ஆப்பியா அவர்களின் துறைமுக ஊர். வேறு ஒன்றும் இல்லை.

என் மேலாளர் பெரிட் புத்தகம் பார்த்துச் சொன்னாள். அங்கே பெரிய தலைவர் சபையில் தானாகப் பேசுவது குறைவாம். அவருக்காகவும் ஊருக்காகவும் பேசுவதற்கென்றே இன்னொரு தலைவர் இருப்பாராம். தடியும் சாமரமும் அந்தப் பதவியின் அடையாளம். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேளாதே. பேசுவதற்கென்று ஒரு பதவி. எங்கள் ஊரில் இதற்கு வாயாடி என்று மட்டும்தான் பெயர். ஒஸ்லோவில் எத்தனை கலியாணப் பேச்சுக்கு என்னை முன்னுக்கு விட்டிருக்கிறார்கள், எத்தனை மேடை ஏற்றியிருக்கிறார்கள். இவர் என்னுடைய ஆள் என்று நினைத்தேன். ஒரு பிரதி எடுத்து மேசைக்கு மேல் குத்தி வைத்தேன். அம்மாவிடமும் காட்டினேன். அவள் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு, ஓம், தடி ஒண்டுதான் உங்களுக்குக் குறை என்றாள்.

ஒக்ரோபரில் சமோவாவிலிருந்து ஒரு பெண் வந்தார். மாலியா என்று பெயர், உன் அம்மாவின் வயது, அங்கே பள்ளிக்கூட ஆசிரியை. ஐரோப்பா முழுக்க அருங்காட்சியகங்களில் தங்கள் ஊரவர்களின் படங்களைத் தேடித் திரிகிறார். நான் அந்தப் படத்தை மேசையில் வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே மனிதர், அதே தடி. இவர் என்னுடைய பூட்டன் என்றார். ஃபாலேதோய் என்பது பதவிப் பெயர், சொந்தப் பெயர் இயோவானே என்றும் சொன்னார்.

பெரிட் சந்தோஷப்பட்டு, வருகிற வருடம் கண்காட்சி வாசலில் இந்தப் படத்தைப் பெரிதாக வைக்கலாமா என்று கேட்டாள். மாலியா உடனே ஓம் சொல்லவில்லை. தங்கள் வீட்டில் இந்தப் படத்தைப் பற்றி ஒரு கதை உண்டு என்றார். படம் பிடித்த வெள்ளைக்காரன், ஒன்று உங்களுக்கு, ஒன்று உங்கள் தேவாலயத்துக்கு என்று சொல்லித்தான் அவரை நிற்க வைத்தானாம். சில மாதம் கழித்து அவர் துறைமுகத்துக் கடையொன்றைக் கடந்து போகும்போது, கண்ணாடிக்குப் பின்னால் தன்னுடைய முகம் வரிசையாகத் தொங்குவதைக் கண்டாராம். கப்பல்காரர் ஆளுக்கு ஒன்று வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்களாம். ஊருக்கே பேசுகிற மனுஷனுக்கு அன்று பேச்சு வரவில்லை என்று வீட்டில் சொல்வார்களாம். வேறொரு காரியத்துக்கென்று சொல்லி எடுத்த படம், என்றார் மாலியா.

கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கோப்பி எடுக்கப் போவது போல வெளியே போய்விட்டேன். படிக்கட்டில் இருந்தேன், மகள். வயது ஐம்பத்திரண்டு, வேலை நேரம், படிக்கட்டில் இருந்து அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது.

திரும்பி வந்து மாலியாவிடம் கேட்டேன். என்னுடைய சிநேகிதர் ஒருவர் இப்படித் தன் மகளுக்குச் செய்துவிட்டார், உங்கள் ஊரில் என்றால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று. சிநேகிதராம். அந்த மனுஷி என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பெரிய பிழை செய்தவன் விடியமுன் போய், பிழை செய்யப்பட்டவரின் வீட்டுக்கு முன்னால், தலைக்கு மேல் நல்ல பாயைப் போர்த்துக்கொண்டு இருப்பானாம். பேச மாட்டானாம். வெயிலோ மழையோ இருப்பானாம். வீட்டுக்காரர் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் இருக்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொன்னார். சபையில் பேச்சுத் தலைவர்கள் பலர் இருப்பார்களாம். இன்று யார் பேசுவது என்று முதலில் எழுந்து நின்று தங்களுக்குள் வாதாடுவார்களாம். மற்றவர்கள் ஒவ்வொருவராக விட்டுக்கொடுத்துக் கீழே இருந்த பிறகுதான் ஒருவர் வாய் திறக்கலாமாம். ஒருவரும் விட்டுத்தராமல் பேசினால் அது பேச்சே இல்லை. கம்சிகா, உன்னுடைய விஷயத்தில் எனக்கு ஆர் விட்டுத்தந்தது? நீ இல்லை. அம்மாவும் இல்லை, அவள் பிள்ளையைக் கேளுங்கோ என்று மூன்று தரம் சொன்னவள். மைக் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்குவது, வெளியே போன படங்கள் எல்லாவற்றையும் கையில் எடுப்பது. ட்ரொம்சோவுக்கு வந்து உன் ஹீபல் வாடகை அறைக்கு முன்னால் பாயோடு இருக்கவும் யோசித்தேன். அந்தக் குளிரில் நீ பாயை எடுக்கமுதல் அம்புலன்ஸ் எடுத்துவிடும். அதோடு, நீ கூப்பிடாமல் நான் வருவதும் இன்னொரு பிழை என்று அம்மா சொன்னாள். அது சரி.

அடுத்த சனிக்கிழமை ரொம்சோஸுக்குப் போனேன். ரயிலிலும் சுரங்க ரயிலிலுமாக மூன்று பேச்சுத் தயாரித்தேன், ஒன்று திருக்குறளோடு. ஜெகதீஸ்வரன் வீட்டு மணியை அடித்ததும் மூன்றையும் விட்டுவிட்டேன். தேத்தண்ணி வந்தது, நான் தொடவில்லை. நின்றபடியே சொன்னேன். மகளைக் கேக்காமல் வாக்குத் தந்தனான். அது பிழை, அந்த வாக்கு இல்லை. பிள்ளையின்ரை படங்களைத் திருப்பித் தாங்கோ. எண்ணிப் பார்த்தால் மூன்று வசனம். என்னுடைய வாழ்க்கையில் இவ்வளவு குறைவாக நான் பேசியது நடேசர் வாத்தியாரிடம் அடி வாங்கிய அன்றைக்குத்தான்.

ஜெகதீஸ்வரன் கதிரையை விட்டு எழும்பினார். பிறகு வாங்கிக் கட்டினேன். பரமநாதன் சொன்னால் சொன்னதுதான் எண்டு கனடாவரைக்கும் சொல்லிப்போட்டன், இப்ப நான் எந்த முகத்தோடை வெளியிலை போறது, உமக்கு வாயிலை நாக்கோ இல்லைச் செருப்போ என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. அவரையும்தான் நான் கெடுத்தேன். மறுமொழி சொல்ல வாய் ஊறியது, ஆனால் சொல்லவில்லை. படம் தரமாட்டன், உம்மாலை ஏலுமானதைச் செய்யும் என்றார். அப்ப நான் இதிலை நிக்கிறன் அண்ணை என்று சொல்லிவிட்டுச் சப்பாத்துப் போடுகிற இடத்தில் நின்றேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். பாய் ஒன்றுதான் இல்லை.

கடைசியில் அறைக்குள்ளிருந்து பிரவீணன் வந்தான். உன் படம் அவன் கையில் இருந்தது. தகப்பனைப் பார்க்காமல் என்னிடம் நீட்டி, அங்கிள், என்ரை படத்தையும் எனக்குத் தாங்கோ, அதையும் என்னைக் கேக்காமல்தான் உங்களுக்குத் தந்தவை என்றான். உண்மைதான், அவனுடைய படம் எங்கள் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. அந்தப் பிள்ளையையும் ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த நாளே கொண்டுபோய் அவன் கையிலேயே கொடுத்தேன்.

இரண்டாவது படம் லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் ஜெகதீஸ்வரனின் தங்கை உதயகுமாரியிடம் போயிருந்தது. அவ அதை லண்டனில் மச்சாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தா. போன படம் போனதுதானே, ஒரு கடதாசித் துண்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டா. நான்கு தரம் போனேன். நான்காம் தரம் கதவைத் திறக்கும்போதே, ஐயோ இந்த மனுசன் என்று தலையில் அடித்துக்கொண்டு லண்டனுக்குப் போன் எடுத்தா. போன செவ்வாய் தபாலில் வந்தது. ஒரு மூலை மடிந்திருக்கிறது, மன்னித்துக்கொள்.

அந்தப் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில் யாரோ நீலப் பேனையால் எழுதியிருந்தார்கள். பரமநாதன்ரை மகள், 21, நேர்சிங், ஐந்தடி மூன்று, நல்ல நிறம், நோர்வே. உன்னுடைய பெயர் இல்லை. அந்தக் கப்பல் தச்சனின் பென்சில் எழுத்துத்தான் உடனே நினைவுக்கு வந்தது. அவன் அந்நியன், பாஷை தெரியாதவன், அவனுக்கு ஒரு சாட்டு உண்டு. கம்சிகா என்று உனக்குப் பெயர் வைத்தவனே நான். உன்னைப் பெயரில்லாமல் ஊர் சுற்றவைத்ததும் நான்தான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பிரவீணனின் சித்தப்பா உன் படத்தைக் கம்பியூட்டரில் ஏற்றி ரொறொன்ரோவுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே ஆறு வீட்டுக்கு எழுதினேன். நான்கு பேர் அழித்துவிட்டோம் என்று சொன்னார்கள், இரண்டு பேர் மறுமொழி எழுதவில்லை. மறுபடி எழுதியிருக்கிறேன். மறுமொழி வரும்வரை எழுதுவேன்.

இங்கே எங்கள் சனத்திடம் என் மதிப்புப் பற்றி அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். தீபாவளி விழாவில் நான் மேடை ஏறவில்லை. கூப்பிட்டார்கள், ஏலாது என்றேன். ஆனால் விழா தொடங்கமுதல், அதே மண்டபத்தில், மைக் இல்லாமல், முன்வரிசைக்கு முன்னால் நின்று, மே மாதம் என் மகளின் பெயரில் நான் சொன்னதை நானே திருப்பி எடுக்கிறேன், பிழை என்னுடையது, பிள்ளைக்கோ ஜெகதீஸ்வரன் குடும்பத்துக்கோ அதில் பங்கில்லை என்று சொன்னேன். ஒருவரும் கைதட்டவில்லை. பின்னால் யாரோ சிரித்தது கேட்டது. இரண்டு கலியாணப் பேச்சுக்கு என்னைக் கேட்டிருந்தவர்கள் இப்போது வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். சனிக்கிழமைகளில் வீட்டில் நிற்கிறேன். அம்மாவுக்குத்தான் தொல்லை.

மாலியா போகமுன் கண்காட்சிக்குச் சம்மதம் தந்தார். பெயர் முதலில் வர வேண்டும், இந்தப் படம் அவருடைய அனுமதியில்லாமல் விற்கப்பட்டது என்பதும் கீழே இருக்க வேண்டும் என்றார். பெரிட் ஒத்துக்கொண்டாள். பதிவில் அவருடைய பெயரை நானே தட்டச்சுச் செய்தேன். மேசைக்கு மேல் குத்தியிருந்த பிரதியைக் கழற்றி மாலியாவிடம் கொடுத்துவிட்டேன். அதையும் நான் ஒருவரையும் கேட்காமல்தான் எடுத்திருந்தேன்.

இந்தக் கடிதத்தோடு மூன்று படம் வைத்திருக்கிறேன். மூன்றாவது எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. அதையும் பொய் சொல்லித்தானே எடுத்தேன். வைத்திரு, கிழி, அடுப்பில் போடு, உன்னுடைய விருப்பம். நெகட்டிவ் ஸ்ரூடியோவில் கிடக்கிறது. உரியவர் கேட்டால்தான் தருவோம் என்கிறார்கள். நீ இரண்டு வரி எழுதினால் உனக்கே அனுப்புவார்கள்.

கலியாணம் பற்றி இனி என்னுடைய வாயால் ஒரு சொல் வராது. நீ ஒருவரைக் கூட்டிவந்தாலும் சரி, ஒருவரும் வேண்டாம் என்றாலும் சரி. கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் இருப்பேன். அப்பாவால் பேசாமல் இருக்க ஏலுமோ என்று நீ சிரிப்பாய். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் இந்த ஒரு மாதமாகப் பழகியிருக்கிறேன்.

அங்கே இந்த மாதக் கடைசியோடு சூரியன் எழும்பாது என்று அம்மா சொல்கிறாள். விற்றமின் குளிசையை மறக்காதே, நைற் டியூட்டி முடிந்து தனிய நடக்காதே, நல்லாய்ச் சாப்பிடு. நல்லூரான் உன்னோடு நிற்கட்டும்.

என்னை மன்னித்தேன் என்று எழுது என்று நான் கேட்கவில்லை. அது வரும்போது வரட்டும், வராமலும் போகட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். எழுத ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் எழுதாதே, வெறும் உறையை ஒட்டி அனுப்பு. மேலே என்னுடைய பெயர் உன் கையெழுத்தில் இருந்தால் எனக்குப் போதும், மகள்.

உன்
அப்பா